வாசல் டியூஷன்

"உன் பொண்ண நாராயணசாமி வூட்ல வாசல்லயே உக்கார வெச்சிட்டாங்களாமே?"

மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டே இருசம்மாள் கேட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் சும்மா இருப்பாளா?

குஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. மகள் கலையரசி கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய் வந்து காலேஜில் இங்கிலீஷ் படித்தவள். வேலைக்கென்று எங்கேயும் அலையாமல், "வூடு வூடா போயி இங்கிலீஷ் பேசச் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்று துணிந்து இறங்கியிருக்கிறாள். முதலில் கூப்பிட்டதே நாராயணசாமி வீட்டில்தான், அவர் பேரன் சந்தோஷுக்கு. குஞ்சம்மாள் காலமெல்லாம் கூலிக்குப் போவது அவர் நிலத்துக்குத்தான். அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி அவள் போனதே இல்லை.

நான்தான் கொல்லையில் நின்றேன், படித்த பிள்ளையுமா வாசலில் உட்கார வேண்டும்? மகளிடம் கேட்டால், "எனக்கு அங்க ஒரு கொறையும் இல்லம்மா, நீ கம்முனு இரு" என்பாள்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, சரிப்படாவிட்டால் மகளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று சாயங்காலம் நேரே அங்கே போனாள். வாசலில் பாடம் நடந்துகொண்டிருந்தது. நாராயணசாமியின் மருமகள் விஜயலட்சுமி வெளியே வந்தாள்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். எம்பொண்ணு உள்ள வந்தா வூடு தீட்டாயிடுமா?"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

விஜயலட்சுமியின் முகம் வாடிவிட்டது. "இன்னா குஞ்சம்மா, இப்பிடிக் கேட்டுட்ட? கூடத்துல ஃபேனுக்கு அடியில நாற்காலி போட்டு வெச்சிக்கினு, உள்ள வாங்க டீச்சர்னு தெனமும் கூப்புடறேன். உன் பொண்ணுதான் வாசல்ல காத்தோட்டமா இருக்குன்னு அடம் புடிக்குது. நீயாவது எடுத்துச் சொல்லு."

குஞ்சம்மாள் திகைத்துப்போய்த் திரும்பினாள்.

"ஐ ஆம் வாட்டரிங் தி பிளான்ட்ஸ்," என்றாள் கலையரசி, தெருவுக்கே கேட்கிற குரலில். சந்தோஷ் திருப்பிச் சொன்னான்.

எதிரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆடு ஓட்டி வந்த பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். எல்லாம் குஞ்சம்மாள் தெருக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இருசம்மாள் பேத்தியும் அதில் இருந்தாள். அவர்களும் அதையே வாய்க்குள் சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கலையரசி அடுத்ததற்குப் போகவில்லை.

குஞ்சம்மாள் தொட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லேன் குஞ்சம்மா, உள்ள வரச் சொல்லி," என்றாள் விஜயலட்சுமி.

"அது கைப்புள்ளையிலேருந்தே அப்பிடித்தாம்மா. உள்ள உக்காந்தா அதுக்கு மூச்சு முட்டும். வாசல்லயே இருக்கட்டும்."