தூக்கிய கைகள்

இறந்துபோன அக்காவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க ஊருக்குக் கிளம்பிய கிழட்டு ஆமை விமான நிலையத்துக்கு வந்தது. உடம்புக்குள் ஊடுருவிப் பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நரி காவல் நின்றது.

"உள்ள போய்க் கையைத் தூக்குங்க."

"மாட்டேன். என் ஓட்டுக்குள்ள இருக்கிறது என்னோடது. இயந்திரம் வேண்டாம்னு சொல்றவங்க கையால சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்னு உன் பலகையிலேயே எழுதியிருக்கே!"

"தாராளமாக் கேட்கலாம். அதுக்கு ஆள் வரணும்" என்ற நரி, ஆமையை ஓரமாக மல்லாத்திப் போட்டது.

வரிசையில் நின்ற செம்மறிகள் முறை வரும் முன்பே கைகளைத் தூக்கியிருந்தன.

"ரெண்டு நொடி வேலை, பெரியவரே. அப்படி எதை ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஒரு செம்மறி சிரித்தது.

"பலகையில அந்த ஒரு வரியை எழுத வைக்கப் பதினோரு நாள் பட்டினி கிடந்தோம்டா. உனக்கும் சேர்த்துத்தான்."

"உங்களை யாரு கேட்டா?"

ஆள் வரவில்லை. ஆமையின் விமானம் பறந்துவிட்டது.

"இவராலதான் உங்களுக்கெல்லாம் தாமதம். அந்த வரியை அழிச்சிடலாமா?" என்று நரி ஒரு மனுவை நீட்டியது.

அதில் கையெழுத்துப் போடத்தான் செம்மறிகள் கைகளைக் கீழே இறக்கின.