பத்து மணிக்குள் ஒரு தாள்

“செத்துப்போச்சுய்யா இது!” என்று ஜெயிலர் ஓங்கி ஓர் அறை விட்டார். மேஜைமேல் இருந்த ஃபேக்ஸ் மோடம் துள்ளி விழுந்து ஒயரில் தொங்கியது.

“அடிக்காதீங்க சார், உயிர் இருக்கு.” மெக்கானிக் அதைத் தாங்கிப் பிடித்தான். வழக்கமாக நாலு தடவை கூப்பிட்டால்தான் எட்டிப் பார்க்கிறவன், இன்று கூப்பிட்ட கால் மணியில் சிறை வாசலில் வந்து நின்றிருந்தான்.

கடிகாரத்தில் ஒன்பது பத்து. பத்து மணிக்குத் தூக்கு. கருணை மனுவின்மேல் முடிவு கையெழுத்தாகிவிட்டது. அந்தத் தாள் வந்து சேர வேண்டிய ஃபேக்ஸோ விடிந்ததிலிருந்து ஊமையாகக் கிடந்தது.

“என்ன முடிவுன்னு போன்ல கேட்டுக்கலாமே சார்?”

“சொல்ல மாட்டேங்கறாங்க. சொன்னாலும் செல்லாது, கையெழுத்தோட தாள் வரணும். நிறுத்தச் சொல்லித்தான்யா இருக்கும். போட்டுடுன்னு சொல்றதுக்கு யாராவது விடியற்காலையிலேர்ந்து இப்படித் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பாங்களா?”

“பத்துக்குள்ள வரலைன்னா?”

“பழைய உத்தரவு கையில இருக்கு. நடக்கும்.”

மெக்கானிக் கீபோர்டை இழுத்துக்கொண்டான். நேற்றுத்தான் ஃபேக்ஸ் வாங்கும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, லினக்ஸ் ஓடும் வேறொன்றை வைத்திருந்தார்கள். பின்பக்கம் மோடத்தின் ஒயரைச் சொருக இரண்டு சீரியல் போர்ட். ஃபேக்ஸ் புரோகிராம் முதல் போர்ட்டில் காதை வைத்துக் காத்திருக்க, மோடத்தைக் கொண்டுபோய் இரண்டாவதில் சொருகியிருந்தார்கள்.

அதைத் திருத்தினான். மோடத்தைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை.

வராந்தாவில் திடீரென்று கூச்சல். அறைகளில் இருந்தவர்கள் தட்டுகளைக் கம்பிகளில் அடித்தார்கள். கதவிடுக்கு வழியே மெக்கானிக் பார்த்தான்: நாலு வார்டர்கள் தூக்குக் கைதியை எதிர் அறைக்குத் தரையோடு இழுத்து வந்தார்கள். திமிறியவனின் முதுகில் தடி இறங்கியது. அவன் ஒரு வார்டரின் கையைக் கவ்விக் கடித்தான். அந்த வார்டர் அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம்.

“நான் பண்ணலை சாமி! தூக்கத்தான் போனேன்!”

மெக்கானிக் கீபோர்டுக்குத் திரும்பினான். தட்டியதையே மூன்று முறை தப்பாகத் தட்டினான்.

கடிபட்ட வார்டர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தார். “டிரைவர் பய. கடை முதலாளியைக் குத்திட்டு, விழுந்தவரைத் தூக்கினேன், அதான் சட்டையில ரத்தம்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறான். வயசானவரு, தம்பி. ரெண்டு குத்து.”

“மூணு,” என்றான் மெக்கானிக், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஓ, பேப்பர்ல படிச்சியா?”

“ம்.”

கோளாறு பிடிபட்டது. யாரோ ஓட்டிப் பார்த்த ஒரு புரோகிராம் பாதியில் தொங்கிக்கொண்டு, போர்ட்டைப் பூட்டி வைத்திருந்தது. “இதைக் கொன்னாத்தான் வழி விடும்,” என்று முணுமுணுத்தான். வார்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவன் அந்தப் புரோகிராமைக் கொன்று, பூட்டை அழித்தான். மறுபடி கூப்பிட்டான்.

மோடம் ‘ஓகே’ என்றது.

ஒன்பது முப்பத்தெட்டு. ஜெயிலர் போனில் கத்தினார்: “இப்ப அனுப்புங்க!” ஃபேக்ஸ் லைனில் மணி அடித்தது. மோடம் எடுத்தது, கிறீச்சிட்டது. பாதித் தாளில் இணைப்பு அறுந்தது. பிரிண்டரில் வந்தது அரசு முத்திரையும் அதன் கீழே வெறும் கோடுகளும்தான்.

ஜெயிலர் மெக்கானிக்கின் தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினார். “விளையாடறியா? ஒரு உயிர்டா!”

“தெரியும் சார்.” உதடு கிழிந்து கீபோர்டில் ரத்தம் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்கு நேரம் இல்லை. “வேகம் ஜாஸ்தி. இந்தப் போர்ட் தாங்கலை. குறைக்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.”

வார்டர் அவனை உற்றுப் பார்த்தார். “அவன் உனக்குச் சொந்தமா தம்பி?”

“இல்லை. யாருன்னே தெரியாது.”

இந்த ஒரு தாள் வந்துவிட்டால் போதும், இன்று ராத்திரி தூங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். தூங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மறுபடி மணி. மறுபடி கிறீச். இந்தத் தடவை அறுபடவில்லை. பிரிண்டர் முனகி, முழுத் தாளையும் மெல்லத் தள்ளியது. மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஜெயிலர் படித்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மனு தள்ளுபடி. குறிச்ச நேரத்துக்கே முடிக்கச் சொல்லிட்டாங்க. கூட்டிட்டுப் போங்கய்யா அவனை.”

ஒன்பது ஐம்பத்திரண்டு. வராந்தாவில் மறுபடி இழுபறி, மறுபடி தடி. மெக்கானிக் எழுந்து ஓடினான். டிரைவர்மேல் இறங்கிய தடியைக் கையால் பிடித்தான். அடுத்த அடி அவன் தோளில் விழுந்தது, அதற்கடுத்தது முழங்காலில். மண்டியிட்டு விழுந்தும் தடியை அவன் விடவில்லை.

“பைத்தியமாடா உனக்கு? தள்ளிப் போ!” என்று ஜெயிலர் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

“அவரை விட்டுடுங்க சார்,” என்றான் மெக்கானிக். “குத்தினது நான்.”