லேபிள் இல்லாத சீசாக்கள்

“லேபிள் ரெண்டையும் கிழிச்சிட்டேன். இப்ப சொல்லுங்கம்மா, எது பூஞ்சைக் கொழுப்பு, எது மனுஷக் கொழுப்பு?”

சீசாக்களை முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு ஒன்றை நீட்டினார் அவர்.  வசந்தகுமாரியின் ஆய்வைச் சோதிக்க வெளியூர் நிபுணர் வருவது தெரிந்ததுதான். ஆனால், ‘பூஞ்சையைக் கொல்ற இந்த மருந்து வேலை செய்யறதைக் காட்டுங்க’ என்றபடியே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து இப்படி மடக்குவார் என்று யார் கண்டது? தவறினால் ஐந்து வருட உழைப்பும் டாக்டர் பட்டமும் போச்சு.

“பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். பூஞ்சையோடதுல ஒரு கார்பன் அணு கூட, ரெண்டு இரட்டைப் பிணைப்பு கூட. மருந்துதான் கண்டுபிடிக்கணும்.”

சின்னஞ்சிறு துளையில் அவர் நீட்டிய சீசாவின் கொழுப்பைச் சேர்த்து மெல்லிய சவ்வு பூசினாள். இருபுறமும் உப்புத் தண்ணீர். மருந்தைச் சொட்டினாள். மருந்து சவ்வில் வழி திறந்தால் உப்பின் அயனிகள் பாயும், அந்த மின்னோட்டத்தில் பதிவுக் கருவியின் பேனா தாளில் ஏறும்.

பேனா அசையவில்லை.

“இது மனுஷனோடது” என்றாள்.

அடுத்த சீசா. மருந்து விழுந்த சிறிது நேரத்தில் பேனா படிப்படியாக ஏறியது. எத்தனையோ தடவை பார்த்தவளுக்கே புல்லரித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றின் வளைவைத் தடவிப் பார்த்துக் கதவு திறக்கிறதே!

லேபிளைக் கிழிக்கும்போதே சீசாக்களின் அடியில் தான் போட்டு வைத்திருந்த குறியை அவர் பார்த்தார். சரியாக இருந்தது. இன்னும் மூன்று தடவை மாற்றிக் கொடுத்தார். ஒரு தடவைகூட மருந்து ஏமாறவில்லை.

“அப்ப மனுஷ உடம்பை ஒண்ணும் செய்யாதா?”

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. “கொஞ்சம் செய்யும் சார். குளிர் ஜுரம் வரும், கிட்னியைக் கவனமாப் பார்த்துக்கணும். ஆனா முதல்ல பூஞ்சையைத்தான் பிடிக்கும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிற நிபுணரை அவள் பார்த்ததே இல்லை.

கூடத்து உதவியாளர் துலுக்கானம் எட்டிப் பார்த்தார். “யம்மா, போன் வந்துச்சு. உன்னைச் சோதிக்க வர்ற சாரு நசரத்பேட்டையாண்ட மாட்டிக்கினு கீறாராம். லாரி குடை சாஞ்சிடுச்சாம்.”

வசந்தகுமாரி திகைத்துத் திரும்பினாள். “அப்ப நீங்க?”

“ரகுநாதன். ஆவடி ஃபேக்டரியில செக்கிங் பார்க்கறேன். இங்க வேலப்பன்சாவடியில ஒரு பொண்ணு இந்த மருந்தைத்தான் ஆராயுதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு. எம் பொண்ணுக்கு மூளையில பூஞ்சைம்மா. மருந்து ஏத்தக் கையெழுத்துக் கேட்டாங்க, விஷமாச்சேன்னு ரெண்டு நாளா எனக்குக் கை வரல. இப்பப் போய்ப் போட்டுடறேன்.”