ஏழாம் கூடைக்கும் நடைபாதைக்கும் நடுவே

அளவு நாடாவின் முனையைப் பராமரிப்பாளர் ஏழாம் கூடையின் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாடாப் பெட்டியோடு நான் நடைபாதையை நோக்கி நடந்தேன்.



டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை மதிப்பிடுவது என் வேலை. தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் விளையாட்டு. முதல் ஆறு கூடைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சங்கிலியில் துரு இல்லை, எறிமேடையில் பாசி இல்லை. மனிதர்தான் வாயே திறக்கவில்லை. பயம் வந்தால் எனக்கோ வாய் ஓயாது. வெயிலில் ஆரம்பித்து என் செருப்புக்கடி வரை பேசித் தீர்த்துவிட்டேன்.

கூடைக்கும் நடைபாதைக்கும் நடுவே முப்பது மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் நல்ல மழை. நான் காரை விட்டு இறங்கவேயில்லை. கண்ணாடி வழியே பார்த்து, ஏழாம் கூடைக்குக் குத்துமதிப்பாக முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டுப் போனேன்.

போன மாதம், இதே நடைபாதையில் நின்ற ஒரு சிறுமியின் இடது கண்ணில் தட்டு பட்டது. பார்வை திரும்பாதாம். அலுவலகத்தில் அவ்வளவுதான் சொன்னார்கள். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியமில்லை.

புதர்வேலியின் இடைவெளியில் நுழைந்து பாதைக்கு வந்தேன். வேலிக்கு அப்பால் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நாடா மட்டும் விறைப்பாக நின்றது.

குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

பதினொன்று.

வேலை போகும், வழக்கு வரும், ஊரே காறித் துப்பும். ஆனால் இந்த எண் என் ஒருத்தி கண்ணுக்குத்தான் தெரிகிறது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் படிவத்தில் பழைய 32-ஐயே எழுத 3 போட்டுவிட்டேன்.

நாடா தொய்ந்தது. புதரை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"பதினொண்ணுதானே மேடம்? அடிபட்டதுக்கு அப்புறமா நானே அளந்து பாத்தேன். முன்னாடியே பார்வைக்குக் கிட்டக்கதான் தெரிஞ்சுது, ஆனா படிச்சவங்க அளந்து முப்பத்திரண்டுன்னு போட்டிருக்காங்களேன்னு நம்பிட்டேன்."

அந்தப் படித்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. படிவத்தை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அவர் பாதையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுச் சங்கிலி சரியா நிக்குதான்னு பாக்கத்தான் எறிஞ்சேன். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த புள்ள இங்க நின்னுட்டிருந்தா. எறிஞ்சது அப்பாதான்னு எம்பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல மேடம். பயமா இருக்கு."