பாடையில் ஒரு சிரிப்பு

"ஏனுங்க, எந்திரிக்கறதுக்கு முன்னால கேமராவப் பாத்து ஒருக்காச் சிரிச்சுப்போடுங்க!"

பாடையில் கிடந்த கணவன் மாதேஸ்வரனிடம் கெஞ்சினாள் அறிவுச்செல்வி.

ஜேடர்பாளையம் ஆற்றங்கரையில் சீரியல் படப்பிடிப்பு. சேலம் பக்கம் முதன்முதலில் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர்களின் கதை, கடைசி சீசன். நாயகன் மாதேஸ்வரனுக்கு இன்று சாவுக் காட்சி. பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் எழுந்தால் நிஜச் சாவு தேடி வரும் என்பது சினிமாக்காரர்களின் நம்பிக்கை.

"கம்ப்யூட்டர் கதையில நடிக்கறவன்கிட்ட இதென்ன புள்ள பேச்சு?" என்று முறைத்தான். அவள் அழவே, பல்லெல்லாம் தெரியச் சிரித்துவைத்தான். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

மறுநாள் டைரக்டர் போன் செய்தார்.

"மேடம், சார் சிரிச்சாரே, அது சேனலுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஹீரோ செத்த மாதிரி நடிச்சார்னு கதையையே மாத்திட்டோம். இன்னொரு சீசன் எடுக்கறோம்."

"அப்படின்னா எங்கூட்டுக்காரரு சாகறதில்லீங்களா?" அவள் துள்ளிக் குதிக்காத குறை.

"அடுத்த சீசன்ல கண்டிப்பா சாவார். அன்னைக்கு மட்டும் அவரைச் சிரிக்க விட்றாதீங்க, மேடம்!"