ரூபவதியின் ஸ்தோத்திரம்

ரூபவதி போனை எடுத்தால் ஹலோ என்று சொல்லமாட்டாள்; கர்த்தருக்கு நன்றி என்கிற பொருளில் ஸ்தோத்திரம் என்பாள். எதிரில் பேசுகிறவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் இன்னொரு ஸ்தோத்திரம் வந்து விழும். அன்று மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவள் கணவனோடு மில்லில் வேலை பார்க்கும் செல்வின் கூப்பிட்டான்.

"ஸ்தோத்திரம் தம்பி."

"அக்கா, மில்லுல பாய்லர் வெடிச்சிட்டு. அண்ணன் பக்கத்துலதான் நின்னாவ." அவன் உடைந்து அழுதான். "போயிட்டாவக்கா."

"ஸ்தோத்திரம்" என்றது அவள் வாய்.

அவன் அழுகை சட்டென்று நின்றது. ரூபவதி மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

"அக்கா, இப்ப என்ன சொன்னிய?"

பதில் சொல்லியாக வேண்டும். கையை எடுத்தாள். வாயில் வேறு சொல்லே இல்லை.