நாலாவது மாடி

ஏழாவது தடவையும் அவள் கணவர் செத்துப்போனார்.

"பரவாயில்லம்மா, புதுசா விளையாடுறவங்களுக்கு இப்படித்தான் வரும்" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன். இருபத்தேழு வயதிருக்கும். இந்த விளையாட்டை உருவாக்குபவன் அவன்தான். "இன்னொரு தடவை பார்க்கிறீங்களா?"

அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவள். அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காக வந்திருந்தாள். இந்த ஊரையே களமாக வைத்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்களாம். நீலச் சட்டை போட்ட ஒருவன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுவானாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த தீ விபத்தும் அதில் ஒரு கட்டம். அதில் இறந்த தீயணைப்பு வீரரின் உருவத்தைப் பயன்படுத்த, அவர் மனைவியின் சம்மதம் வேண்டும்.

ஊர் அச்சு அசலாக இருந்தது. நீலச் சட்டைக்காரன் மணிக்கூண்டைத் தாண்டிப் பறந்தபோது, அச்சகக் கூரையில் பெயர்ந்து கிடந்த தகரம்கூடத் தெரிந்தது. "எங்க முதலாளி பத்து வருஷமா மாத்தாத தகரம்" என்று அவள் சிரித்தாள். அடுத்த தெருவில் நாலு மாடிக் கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

நடந்தது அவளுக்கு மனப்பாடம். மூன்று மாடிகளில் இருந்தவர்களையும் இறக்கியாயிற்று. நாலாவது மாடியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் மட்டும் பாக்கி. அவர் ஏறிப்போனார். பையனை ஜன்னல் வழியாகக் கீழே விரித்திருந்த வலையில் போட்டார். அவர் குதிப்பதற்குள் கூரை இறங்கிவிட்டது.

எட்டாவது தடவை, நீலச் சட்டைக்காரனை விட்டுக் கூரையைத் தாங்கிப் பிடிக்க வைத்தாள். தரை இடிந்தது. ஒன்பதாவது தடவை பையனை முதலில் தூக்கிக்கொண்டு போனாள். அது தெரியாமல் அவர் அறை அறையாகத் தேடிக்கொண்டே இருந்தார். பத்தாவது தடவை அவரையே இடுப்போடு பிடித்துத் தெருவில் கொண்டுவந்து இறக்கினாள். அவர் உதறிவிட்டு மறுபடியும் படியேறினார்.

"அவரேதான்" என்றாள் கசப்பாக. "பாதிச் சாப்பாட்டுல மணி அடிச்சாலும் இப்படித்தான் உதறிட்டு ஓடுவாரு."

திரையில் அவர் பையனிடம் குனிந்து, "கண்ணை மூடிக்கோ. பத்து வரைக்கும் எண்ணு, முடிஞ்சிடும்" என்றார். குரல் யாரோ நடிகருடையது. வார்த்தை மட்டும், மகளுக்கு முள் எடுக்கும்போதெல்லாம் அவர் சொன்னதேதான். எந்த அப்பாவும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து எண்ணி முடிப்பதற்குள் கூரை விழுந்தது.

"அந்தப் பையனைப் பார்த்திருக்கீங்களாம்மா?" திரையைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"இல்ல. பேரைக்கூடக் கேட்டுக்கல. எங்கயோ நல்லா இருந்துட்டுப் போகட்டும், சாபமெல்லாம் விடல. ஆனா என் கண்ணுல பட வேண்டாம்."

அவன் ஆட்டத்தை மறுபடியும் தொடக்கத்துக்குக் கொண்டுபோனான்.

"ரயிலைத் தூக்குறான், பாலத்தைத் தூக்குறான். ஒரு மனுஷனைக் காப்பாத்தத் துப்பில்லையா இவனுக்கு?" கையிலிருந்த கருவியை மேசையில் வைத்தாள். "வழி இருக்கா, இல்லையா? இல்லைன்னா சொல்லிடு தம்பி, நான் கிளம்பறேன்."

"ஒரே ஒரு வழி இருக்கும்மா."

அவன் கீபோர்டை இழுத்து எதையோ தட்டினான். பையனை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டான்.

இந்தத் தடவை நாலாவது மாடியில் யாரும் இல்லை. யாரும் கத்தவில்லை. மூன்றாவது மாடியோடு அவர் திரும்பி, படியிறங்கி, தெருவுக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு தீயணைப்பு வண்டியின் படியில் உட்கார்ந்தார். பின்னால் கூரை விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற மனுஷனை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் மேலே வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இப்படியே வெச்சிடு" என்றாள்.

"அப்போ அந்தப் பையன்?"

"அவன் எதுக்கு? பொறக்கவே இல்லைன்னு வெச்சுக்கோ. யாருக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

அவன் தாளை நகர்த்தி வைத்தான். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் தாளை வாங்கி உறையில் போட்டான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் தலையில் கை வைத்தாள். மகளைத் தவிர யாரையும் அவள் அப்படித் தொட்டதில்லை.

"இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஒரு நல்லது யாரும் செஞ்சதில்லப்பா. ஒரு நாள் வீட்டுக்கு வா. என் கையால சமைச்சுப் போடறேன்."

அவன் நிமிரவில்லை.

"எட்டு வயசுல ஒரு தடவை வந்தேம்மா. நீங்க கதவைத் திறக்கல."